கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் 20 சென்ட்: தோட்டமா, டூவீலர் பார்க்கிங்கா?

லேத்_பட்டறை:
வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். இரண்டு ஷிப்ட், எல்லாரையும் சேர்த்தால் 180 பேர் வரும். கேன்டீனுக்குப் பின்னால் 20 சென்ட் இடம் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது, பார்த்தீனியமும் உடைந்த பேலட்டும்தான் அதில் இருக்கின்றன. சின்ன முதலாளி இப்போது அதை ஏதாவது செய்தாக வேண்டும் என்று நிற்கிறார். வெளிநாட்டு கஸ்டமர் ஒருவர் ஆடிட்டுக்கு வரப்போகிறார், அதுதான் காரணம், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கார்டன் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து மெக்சிகன் புல், நடுவில் ஃபவுண்டன், சுற்றிலும் அலங்காரப் பனை என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜரோ அதெல்லாம் வேண்டாம், டூவீலருக்கு ஷெட் போடுங்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஷிப்ட் முடிந்துபோய் வண்டி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. கம்ப்ரசர் ரூம் ஓரத்தில் ஒரே ஒரு வேப்பமரம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஃபேன் ஓடுகிற கேன்டீனை விட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் அங்கேதான் காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது, ஆனாலும் அங்கேதான். கான்ட்ராக்டர் காட்டிய படத்தில் அந்த மரமே இல்லை.

வேலை செய்கிற இடத்தில் மரம், தோட்டம் என்று செலவு செய்தால் உண்மையிலேயே பலன் உண்டா? முதலாளியிடம் பேசக் கையில் ஏதாவது வேண்டும். "மனசுக்கு நல்லது சார்" என்று போய் நின்றால் சிரித்தே அனுப்பிவிடுவார்.

வரவு_செலவு:
நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நேராகவே சொல்கிறேன், தோட்டம் எல்லாம் போட்டோவுக்கு. எங்கள் மில் வாசலில் புல்தரை இருக்கிறது, அதில் கால் வைத்த ஒரே ஆள் தண்ணீர் ஊற்றுகிறவர்தான். அந்தப் பணத்தை ஓவர்டைம் பாக்கி, போனஸ் என்று ஆட்கள் கையில் கொடுத்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் வீட்டிலேயே செடி வளர்த்துக்கொள்வார்கள். உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் பக்கம்தான் என் ஓட்டு.

வார்டு_சிஸ்டர்:
லேத் அண்ணா, கையில் ஏதாவது வேண்டும் என்றீர்களே. நான் நர்ஸிங் படித்தபோது வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ரோஜர் அல்ரிக் என்பவர் 1984இல் வெளியிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி, பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தார். சில படுக்கைகளின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலவற்றுக்குச் செங்கல் சுவர். வயது, ஆண் பெண், புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துவருகிற மாதிரி ஜோடி சேர்த்தார், மொத்தம் 23 ஜோடி. மரம் தெரிந்த பக்கம் படுத்திருந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாகவே டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள். அதே ஆபரேஷன், அதே மாடி, அதே நர்ஸுகள்.

46 பேர் என்பது சின்னக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூரில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் ஆஸ்பத்திரியைத் தேடிப் பாருங்கள், கட்டடத்துக்கு நடுவிலேயே தோட்டம், பக்கத்தில் குளம், மொட்டை மாடியில் காய்கறி.

வரவு_செலவு:
சிஸ்டர், அது படுத்திருக்கும் நோயாளி. இவர் கேட்பது லேத்தில் நிற்கிற ஆளைப் பற்றி.

வார்டு_சிஸ்டர்:
சரி, வேலை இடத்து ஆய்வே சொல்கிறேன். 2014இல் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இயங்கிக்கொண்டிருந்த ஆபீஸ்களிலேயே செய்தது. மொட்டையாக இருந்த ஆபீசில் செடிகள் கொண்டுவந்து வைத்துவிட்டு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள், வேலைத்திறன் 15 சதவீதம் கூடியது என்று எழுதினார்கள். அடுத்த வருடம் மெல்போர்னில் 150 மாணவர்களைக் கம்ப்யூட்டரில் சலிப்பூட்டுகிற ஒரு வேலை செய்ய வைத்து, நடுவில் 40 நொடி மட்டும் இடைவெளி. சிலருக்குத் திரையில் பூச்செடி வளர்ந்த மொட்டை மாடி, சிலருக்கு வெறும் கான்கிரீட் மாடி. பச்சையைப் பார்த்தவர்கள் அப்புறம் செய்த தவறு குறைவு. 40 நொடிதான்!

பசுமை_ரசிகன்:
செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதே, அதையும் முதலாளியிடம் சொல்லுங்கள் சார். ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட் எல்லாம் கெமிக்கலை உறிஞ்சிவிடும்.

வார்டு_சிஸ்டர்:
தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள், யாராவது கூகுள் செய்து பார்த்தால் மற்றதும் பொய் ஆகிவிடும். நாசா ஆய்வு 1989இல் நடந்தது நிஜம். ஆனால் அது காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. ஆபீஸில் கதவு திறக்கிறது, ஏசி ஓடுகிறது, காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2019இல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், சாதாரணக் கட்டடத்தில் காற்று மாறுவதற்கு ஈடாகச் செடி வேலை செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். ஆள் நிற்க இடம் இருக்காது.

நைட்_ஷிப்ட்:
பெரிய ஐடி வளாகம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன், பெயர் வேண்டாம். தோட்டம் என்றால் அப்படி ஒரு தோட்டம், மூங்கில் தோப்பு, தாமரைக்குளம், கல் பெஞ்சு. எங்கள் ஆட்கள்தான் பெருக்குவார்கள், தோட்ட வேலைக்கு வருகிற அக்காமார்கள்தான் களை எடுப்பார்கள். மதியம் சாப்பிட அந்தப் பெஞ்சில் உட்கார முடியாது. எழுதி வைத்த ரூல் எதுவும் கிடையாது. ஆனால் யூனிஃபார்மோடு உட்கார்ந்தால் செக்யூரிட்டி வந்து "அண்ணா, பேஸ்மென்ட்ல போய் உக்காருங்க" என்பார். அவரும் பாவம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஆள்தான். நாங்கள் சாப்பிட்டது பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் பக்கம்.

அண்ணே, தோட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் உட்காரலாம் என்பதை முதலிலேயே முதலாளி வாயால் சொல்ல வையுங்கள். லோடு ஏற்ற வருகிற கான்ட்ராக்ட் பையன்களும் சேர்த்தியா என்று கேளுங்கள்.

சேல்ஸ்_கவுண்டர்:
நைட் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முகப்புச் சுவர் பூராவும் செடி, வெர்ட்டிகல் கார்டன் என்று லட்சக்கணக்கில் செலவு. உள்ளே சேலை எடுத்துப் போடுகிற எங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள், அதற்கு அப்புறம்தான் ஒவ்வொரு தளத்திலும் நாலு ஸ்டூல் வந்தது. கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. உட்காருவதற்கே சட்டம் போட வேண்டிய ஊரில் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

மலையக_மைந்தன்:
நான் இலங்கை, ஹட்டன் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இந்த இழையை வாசிக்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பச்சையைப் பார்த்தால் மனம் லேசாகும் என்றால் உலகத்திலேயே லேசான மனம் என் அம்மாவுக்குத்தான் இருந்திருக்க வேண்டும். காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற வரிசைக்கு) நின்று, படங்கை (இடுப்புச் சாக்கை) சுற்றிக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினால் பார்க்கும் இடமெல்லாம் பச்சைதான். காலில் அட்டை, முதுகில் கூடை, மேலே மழை. பகல் சாப்பாட்டுக்கு உட்கார இடமில்லாமல் செடிகளுக்கு நடுவில் குந்தியபடி ரொட்டியைத் தின்றுவிட்டு மறுபடியும் நிரைக்கு, அதாவது கொழுந்து பறிக்கிற வரிசைக்கு, போவார்கள். மலையில் வரிசையாக நிழல் மரம் நிற்கும், அதுவும் தேயிலைக்காக நட்டதுதான், ஆளுக்காக நட்டது கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் அதே இடத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு என்ன அமைதி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அம்மா ஓய்வு என்று சொன்னது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையை இறக்கி வைத்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். தகரக் கூரை, சிமென்ட் தரை. அங்கே ஒரு செடிகூட இல்லை.

வரவு_செலவு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நேரம்தான் ஓய்வு, பச்சை இல்லை.

வார்டு_சிஸ்டர்:
மலையக அண்ணா சொன்னதை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் வரவு அண்ணா, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. லேத் அண்ணன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் ஏற்கெனவே இருக்கிறது, ஃபேன் போட்ட கேன்டீனும் இருக்கிறது. இருந்தும் கம்ப்ரசர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகிறார்களே, அது ஏன்? நேரம் மட்டும் போதும் என்றால் கேன்டீனிலேயே இருந்திருப்பார்கள்.

திரி_மருந்து:
சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. எங்கள் ஊரில் பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று வெடிபொருள் விதியில் இருக்கிறது, அதனால் காலி இடத்துக்குப் பஞ்சம் இல்லை, பல ஆலைகளில் வேம்பு நன்றாகவே வளர்ந்து நிற்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் எழுதுகிற விதிமீறல்களில் அடிக்கடி வருவது "மரத்தடியில் வைத்துப் பட்டாசு உற்பத்தி". பேப்பரில் பார்த்திருப்பீர்கள். லைசென்ஸ் நிறுத்தி வைக்கிற அளவுக்குப் போகும். அதிக ஆர்டர், அறையில் அனுமதித்ததைவிட அதிக ஆள், உள்ளே தகிக்கிற வெயில், ஆட்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். ஆபத்து என்று தெரிந்தே வருகிறார்கள். விதி சரிதான், மரத்தடியில் மருந்தை வைத்து வேலை செய்யக்கூடாது. ஆனால் வேலையை உள்ளே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நிழலுக்கு வரலாம் என்று யாராவது சொன்னால் பாதிப் பிரச்சினை குறையும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவரிடம் அதைச் சொல்லவும் முடியாது, எழுந்து வந்தால் அவருக்குக் கூலி போச்சு.

சிங்கை_சைட்:
இங்கே சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் சூப்பர்வைசர். ஊர் தஞ்சாவூர் பக்கம். 2023 அக்டோபரிலிருந்து இங்கே மனிதவள அமைச்சின் விதி ஒன்று இருக்கிறது. வெறும் வெயில் அளவு மட்டும் போதாது, ஈரப்பதம், காற்று, நேர் வெயில் எல்லாம் சேர்ந்த ஒரு அளவு உண்டு. அது 32 டிகிரியைத் தொட்டால் வெளியில் கடினமான வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு கொடுத்தாக வேண்டும். மீட்டர் வைத்து அளக்கிறோம். நிழல் என்றால் இங்கே பெரும்பாலும் கண்டெய்னர் ஆபீஸ் பக்கத்தில் கட்டிய கேன்வாஸ்தான். மரம் இருக்கிற சைட் கிடைத்தால் எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள், கேன்வாஸுக்கு அடியில் மேலிருந்து சூடு இறங்கும், மழைமரத்துக்கு (நம்ம ஊர் தூங்குமூஞ்சி மரம்) அடியில் இறங்காது. காரணம் எளிது, இலை தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது, கேன்வாஸும் தகரமும் சூடாகிக் கீழே தள்ளுகின்றன.

வரவு அண்ணன் சொன்ன மாதிரி நேரமும் வேண்டும், சிஸ்டர் சொன்ன மாதிரி இடமும் வேண்டும். இங்கே நேரத்தைச் சட்டம் கொடுத்துவிட்டது.

பழைய_பேப்பர்:
முதலாளியிடம் பேசச் சரித்திரம் உதவும் என்றால் இரண்டு சொல்கிறேன். ஜாம்ஷெட்ஜி டாடா 1902இல் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம், இரும்பாலை எங்கே வரும் என்று இடம்கூட முடிவாகாத காலம். அகலமான தெரு போடு, நிழல் தரும் மரம் நடு, ஒன்று விட்டு ஒன்று சீக்கிரம் வளர்கிற ஜாதியாக இருக்கட்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் இடம் விடு, பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் இடம் ஒதுக்கு என்று எழுதினார். இரண்டே வருடத்தில் அவர் இறந்துவிட்டார், ஊர் அப்புறம்தான் எழும்பியது. அந்த ஒன்று விட்டு ஒன்று என்கிற யோசனையைக் கவனியுங்கள், மரம் நட்டுப் பழகியவர் யோசனை அது. மெதுவாக வளர்கிற நல்ல மரம் எழும்புவதற்குள் வேகமாக வளர்ந்தது நிழல் கொடுத்துவிடும்.

இன்னொன்று இங்கிலாந்தில் கேட்பரி. 1879இல் பர்மிங்ஹாம் நெரிசலை விட்டு வெளியே போர்ன்வில்லில் ஆலை கட்டினார்கள், தோட்டத்துக்குள் தொழிற்சாலை என்றே விளம்பரம் செய்தார்கள். ஆண்களுக்கு ஒரு மைதானம், பெண்களுக்குத் தனித் தோட்டம். நல்ல விஷயம்தான். கூடவே கல்யாணம் ஆனால் பெண்கள் வேலையை விட்டுப் போக வேண்டும் என்கிற விதியும் அங்கே இருந்தது. பாசமும் கெடுபிடியும் ஒரே ஆளிடமிருந்து வரும், தோட்டம் போட்டுக் கொடுக்கிற முதலாளிகளிடம் இதை நிறையப் பார்க்கலாம்.

தையல்_லைன்:
திருப்பூரில் லைன் சூப்பர்வைசர் நான். ஆலையில் வேலை செய்கிற பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். முன்பு வேலை பார்த்த யூனிட்டில் அழகாகப் பூங்கா போட்டார்கள், காம்பவுண்ட் மூலையில், டாய்லெட்டுக்கு எதிர்த் திசையில். ஒரே மாதத்தில் அது ஆண்கள் சிகரெட் பிடிக்கிற இடம் ஆகிவிட்டது. பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், லைனில் எங்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

லேத் அண்ணா, உங்கள் இடம் கேன்டீனுக்குப் பின்னால் என்றீர்கள். கேன்டீன் பின்சுவரில் ஒரு கதவும் பெரிய ஜன்னலும் வையுங்கள், உள்ளே இருந்து பார்த்தால் தெரிய வேண்டும். பெஞ்சு வரிசையாக வேண்டாம், நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பிரித்து வைக்கிற மாதிரி இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குழம்பு கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள், ஒருத்தி புளிக்குழம்பு, ஒருத்தி முட்டைப் பொரியல், பெஞ்சு வரிசையாக இருந்தால் அது நடக்காது. கை கழுவப் பக்கத்திலேயே குழாய். அந்தக் குழாய்த் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். இரண்டாவது ஷிப்டுக்கு விளக்கு.

வேர்_விழுது:
நான் நர்சரி வைத்திருக்கிறேன், கம்பெனிகளுக்கு மரம் நட்டுக் கொடுப்பதுதான் தொழில். மெக்சிகன் புல்லைப் பற்றி யாராவது கணக்குப் போட்டீர்களா? 20 சென்ட் என்றால் ஏறக்குறைய 810 சதுர மீட்டர். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலாயிரம் லிட்டருக்கு மேல் போகும். மூன்று நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. 2019 கோடையில் சென்னை ஓஎம்ஆரில் தண்ணீர் இல்லாமல் ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது மறந்துவிட்டதா? புல் மனிதனுக்கு நிழல் தராது, அதை வெட்ட மிஷின், மிஷினுக்கு ஆள். மரம் இரண்டு மூன்று கோடை தாண்டிவிட்டால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வைப்பதானால் புங்கன், பூவரசு, மகிழம், நீர்மருது. பூவரசு போத்து வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், வேகமும் உண்டு. மகிழம் மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் குடை பிடித்த மாதிரி அடர்த்தி. டாடா சொன்ன ஒன்று விட்டு ஒன்றை இந்த இரண்டையும் வைத்தே செய்யலாம். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரம் மட்டும் வேண்டவே வேண்டாம், கான்ட்ராக்டர் சீக்கிரம் பச்சையாகும் என்று அதைத்தான் தள்ளப் பார்ப்பார். குஜராத் 2023லேயே தடை செய்துவிட்டது, தமிழ்நாடும் அப்புறம் தடை போட்டது. குல்மோஹர் பூத்தால் அழகு, ஆனால் கிளை லேசில் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் எந்தெந்த மரம் கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணா, ஒன்று மட்டும் முதலில் செய்யுங்கள். அந்த இடத்தில் மூன்றடி தோண்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடம் என்றாலே எனக்குச் சந்தேகம்.

கொசு_பேட்:
தோட்டம் வைத்தால் பாம்பு வரும், கொசு வரும், அதைப் பற்றி ஒருத்தரும் பேசக்காணோம்?

வேர்_விழுது:
பாம்பு பேலட் அடுக்குக்கும் பார்த்தீனியத்துக்கும் நடுவில் எலியைத் தேடி இப்போதே வந்துகொண்டுதான் இருக்கும் தம்பி. அடி மட்டும் சுத்தமாக இருந்தால் மரத்தடிக்கு வர அதற்கு வேலை இல்லை. டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டை இடுவது, தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, பழைய டயர், நிறுத்தி வைத்த ஃபவுண்டன். தொட்டியும் ஃபவுண்டனும் இல்லாத தோட்டம் போடுங்கள்.

லேத்_பட்டறை:
எல்லாருக்கும் நன்றி. வேர் அண்ணன் சொன்ன மாதிரி நேற்று ஹெல்பரை வைத்து இரண்டு இடத்தில் தோண்டினோம். மேலே அரையடி மண், அதற்குக் கீழே கறுப்பாக ஃபவுண்டரி மணல். முன்பு பக்கத்து வார்ப்படக்காரர்கள் பள்ளத்தை நிரப்பக் கொட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கையில் எடுத்தால் உதிர்கிறது, நடுநடுவே உடைந்த காஸ்டிங் துண்டு, துருப்பிடித்த டர்னிங் சுருள் (லேத்தில் சீவி விழுகிற இரும்பு). ஒரு குழியில் கூலன்ட் (மெஷினில் ஊற்றுகிற குளிர்விக்கும் எண்ணெய்) வாடை அடித்தது, பழைய ஸ்கிராப் யார்டு வடிகால் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. இதில் என்ன முளைக்கும்?

வேர்_விழுது:
நினைத்தேன். மெக்சிகன் புல்லை இதன் மேல் உருட்டி விரித்துவிட்டுப் பில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஆறு மாதத்தில் காய்ந்து சுருண்டிருக்கும். கூலன்ட் வாடை வருகிற பகுதியில் மரம் வைக்காதீர்கள், அந்த மண்ணை அள்ளி மற்ற குப்பையோடு கொட்டவும் வேண்டாம், உங்கள் கழிவு எண்ணெய் எடுக்கிற லைசென்ஸ் ஆளிடம் கேளுங்கள். மற்ற இடத்தில் நாலடிக்கு நாலடி, ஆழமும் நாலடி குழி. உள்ளே இருக்கிற மணலை முழுதாக எடுத்துவிட்டுச் செம்மண், மக்கிய சாணி எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. பருவமழை பிடிக்கும்போது நடுங்கள். ஆர்ஓ பிளான்ட்டிலிருந்து வெளியேறுகிற உப்புத் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்து மரத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், நிறையக் கம்பெனியில் மரத்தைக் கொன்றது அதுதான்.

வரவு_செலவு:
பார்க்கிங் பக்கம் ஓட்டுப் போட்டவன் என்ற முறையில் நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு டூவீலருக்கு நடைபாதையும் சேர்த்து இரண்டரை சதுர மீட்டர். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தாலும், பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் வருகிறவர்களைக் கழித்தால் 150 வண்டி இருக்குமா? 375 சதுர மீட்டர். பாதி இடம்கூட வேண்டாம், மிச்சத்தைத் தோட்டமாக்குங்கள். பார்க்கிங்கிலும் தகர ஷெட்டுக்குப் பதில் இரண்டு வரிசைக்கு நடுவில் புங்கன் வைத்தால் ஷெட் செலவு மிச்சம். கூலன்ட் வாடை அடிக்கிற பகுதி தானாகவே பார்க்கிங் பக்கம் வந்துவிடுகிறது, அங்கே மரம் வைக்காமல் கல் பதித்துவிடுங்கள்.

15 சதவீதம் கூடும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. முதலாளியிடம் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள், அடுத்த மாதமே எங்கே 15 என்று டார்கெட்டில் ஏற்றிவிடுவார்.

பசுமை_ரசிகன்:
தொழிற்சாலையில் 33 சதவீதம் பசுமைப் பரப்பு கட்டாயம்தானே? சட்டத்தைக் காட்டினால் ஆகாதா?

பழைய_பேப்பர்:
அது சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய பெரிய ஆலைகளுக்கு அனுமதியோடு விதித்து வந்த நிபந்தனை. இவர் கம்பெனி மாதிரி சின்ன மெஷின் ஷாப்புக்குப் பொருந்தாது, போய்ச் சொன்னால் எச்ஆர் உடனே மறுத்துவிடுவார். 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, சாப்பிட இடம் வேண்டும் என்று இருந்தது. மரம் வேண்டும் என்று இல்லை. ஓய்வு இடம் என்ற தலைப்பில் கேளுங்கள், தோட்டம் என்ற தலைப்பில் கேட்காதீர்கள். ஆடிட்டுக்கு வருகிற கஸ்டமரும் தொழிலாளி எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் பார்ப்பார்.

மலையக_மைந்தன்:
இது நல்ல யோசனை. நான் கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், தோட்டம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. லோடு ஏற்றுகிற பையன்களைப் பற்றி நைட் ஷிப்ட் அண்ணன் கேட்டாரே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லேத்_பட்டறை:
இன்று மீட்டிங் முடிந்தது. ஓய்வு இடம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன், பாதிக்குப் பாதி கணக்கையும் காட்டினேன். புல் நிராகரிக்கப்பட்டது, லாரித் தண்ணீர் கணக்கைக் கேட்டதும் பெரிய முதலாளியே வேண்டாம் என்றுவிட்டார். வேப்பமரம் இருக்கும், கம்ப்ரசரைப் பின்பக்கம் மாற்றுவதற்கு மெயின்டனன்ஸ்காரர்கள் பைப் லைன் செலவு கேட்டிருக்கிறார்கள். கேன்டீன் பின்கதவுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். ஃபவுண்டனை மட்டும் சின்ன முதலாளி விடமாட்டேன் என்கிறார், வாசல் பக்கம் சின்னதாக ஒன்று வருமாம். வரட்டும்.

கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தைக் கேட்டேன். "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே" என்றார் எச்ஆர். புரொடக்‌ஷன் மேனேஜர்தான், லாரி நிற்கிற நேரத்தில் அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள், ரோட்டிலா என்று திருப்பிக் கேட்டார். முடிவாக எதுவும் எழுதவில்லை, அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவிட்டார்கள்.

நைட்_ஷிப்ட்:
எழுதி வாங்குங்கள் அண்ணே. செக்யூரிட்டி மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவருக்கு வாய்வார்த்தை தெரியாது. கேட் ரூமில் ஒட்டுகிற மாதிரி ஒரு பேப்பர் போதும்.

தையல்_லைன்:
அப்படியே குழாய் பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு கல் மேடையும் கேளுங்கள். குனிந்து கழுவி இடுப்பு போகிறது.